பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல்

இடமாற்றல் ஆணையுடன் ஒரு வங்கி அலுவலருக்கு வந்து சேர்பவை பல. புதிய ஊர், புதிய மொழி, புதிய வாடிக்கையாளர்கள், ஒரு வாடகை அறை. இவற்றோடு, ஆணையில் குறிப்பிடப்படாத ஒன்றும் வருகிறது. அது மாலைப்பொழுது. குடும்பத்துடன் இருக்கும் காலத்தில் மாலைப்பொழுது என்று ஒன்று தனியாகக் கண்ணில் படுவதில்லை. காய்கறி வாங்குவது, பிள்ளையின் பாடத்தைப் பார்ப்பது, தாயாரின் மாத்திரைகளை எடுத்துக் கொடுப்பது என்று அது தானாகவே செலவாகிவிடும். தனியே வாழும்போதுதான், கிளையிலிருந்து திரும்பி உண்டு முடித்தபின் உறக்கம் வரும்வரை இரண்டு மூன்று மணி நேரம் கேட்பாரற்றுக் கிடப்பது தெரிகிறது. வணிகவியல் படித்தவனின் கண்ணுக்கு அது, நெடுநாளாக வரவு செலவு இல்லாத கணக்கில் கிடக்கும் இருப்பைப் போலத் தோன்றுகிறது.

மதுரையிலிருந்து லக்னோவுக்கு மாற்றலாகி வந்து எனக்கு ஒன்றரை ஆண்டு ஆகிறது. இந்த மாலைகளில் சிலவற்றைப் படித்தேன், சிலவற்றைப் பார்த்தேன், ஒரு விளையாட்டையும் தொடர்ந்து ஆடி வருகிறேன். புத்தகம் படித்தால் நல்லது, திரைப்படம் பார்த்தால் பரவாயில்லை, விளையாடினால் வீண் என்ற தரவரிசை நம் வீடுகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அந்த வரிசையில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. எதைக் கையில் எடுக்கிறோம் என்பதைவிட, யாராவது அழைக்கும்போது அதைக் கீழே வைக்க முடிகிறதா என்பதே பெரிய கேள்வி என்று தோன்றுகிறது. இந்த எண்ணத்தை எனக்குள் விதைத்தது இந்த ஊரைப் பற்றிய ஒரு பழைய கதை.

அகராதியுடன் படித்த கதை

வங்கியில் பணிபுரிவோர் இந்தி கற்பதற்குப் பிரபோத், பிரவீண், பிராக்யா என்று மூன்று படிநிலைத் தேர்வுகள் உள்ளன. தேர்வெழுதப் போதுமான இந்தி வேறு. கவுன்ட்டரின் மறுபுறம் நின்று ஒரு முதியவர் தம் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசும் இந்தி வேறு. இரண்டாவதைக் கற்பதற்கு வாடிக்கையாளர்களையும் சிறுகதைகளையும் விட்டால் வேறு ஆசிரியர் இல்லை. ஆகவே பிரேம்சந்தின் கதைகளை அகராதியுடன் படிக்கத் தொடங்கினேன்.

பிரேம்சந்த் 1880-ஆம் ஆண்டு வாராணசிக்கு அருகிலுள்ள லம்ஹி என்ற சிற்றூரில் பிறந்தவர். இயற்பெயர் தன்பத் ராய். அரசுக் கல்வித் துறையில் பணியாற்றி வந்த அவர், ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921-இல் அந்த வேலையைத் துறந்தார். மாதச் சம்பளத்தின் அருமை தெரிந்தவர்களுக்கு அது எத்தகைய முடிவு என்பது விளங்கும். 1924-இல் அவர் எழுதிய கதை ‘சத்ரஞ்ச் கே கிலாடி’. சதுரங்க ஆட்டக்காரர்கள் என்று பொருள்.

கதை நிகழும் காலம் நவாப் வாஜித் அலி ஷாவின் ஆட்சியின் கடைசி நாட்கள். மிர்ஸா சஜ்ஜாத் அலி, மீர் ரோஷன் அலி என்ற இரு பிரபுக்கள். பரம்பரை மானியமாக நிலம் இருப்பதால் பிழைப்புக்கு உழைக்க வேண்டிய தேவை இருவருக்கும் இல்லை. காலையில் பலகையின் முன் அமர்ந்தால் உணவும் அங்கேயே வந்து சேரும். ஆங்கிலக் கம்பெனி ஊரை வளைத்துக்கொண்டிருக்கிறது. இவர்கள் ஒருவருடைய ராஜாவை ஒருவர் வளைத்துக்கொண்டிருக்கிறார்கள். இறுதியில் ஆட்டத்துக்கு இடைஞ்சல் வராத இடம் தேடி, கோமதி ஆற்றைக் கடந்து, பாழடைந்த ஒரு மசூதியில் போய் அமர்கிறார்கள். அவர்கள் கண்ணெதிரே கம்பெனிப் படை ஊருக்குள் போகிறது. நவாப் கைதியாகக் கொண்டுசெல்லப்படுகிறார். ஆட்டம் நிற்கவில்லை. பிறகு ஒரு காய் நகர்த்தலைப் பற்றிய வாக்குவாதம் முற்றி, குலப்பெருமையை இழுத்து, வாளை உருவி, ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மடிகிறார்கள். தம் அரசனுக்காக வாளெடுக்காத இருவரும் மர அரசனுக்காக உயிரை விடுகிறார்கள்.

பலருக்கும் இந்த முடிவுதான் நினைவில் நிற்கும். எனக்கோ கதையின் நடுவே வரும் ஒரு தலைவலி நினைவில் நின்றுவிட்டது. மிர்ஸாவின் மனைவிக்குத் தாங்க முடியாத தலைவலி. வைத்தியரிடமிருந்து மருந்து வாங்கி வரும்படி பணிப்பெண்ணிடம் சொல்லியனுப்புகிறாள். இதோ வருகிறேன் என்கிறார் மிர்ஸா. மீண்டும் ஆள் வருகிறது. மீண்டும் அதே பதில். ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது, எழ மனமில்லை. கடைசியில் அந்த அம்மையாரே எழுந்து வந்து பலகையைக் கவிழ்த்து, காய்களை எறிந்துவிடுகிறாள். மிர்ஸா கொடியவர் அல்லர். மனைவியை வெறுப்பவரும் அல்லர். அவர் சொன்ன ‘இதோ வருகிறேன்’ பொய்யும் அன்று. அடுத்த காய்க்குப் பிறகு எழலாம் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். அடுத்த காய் என்று ஒன்று எப்போதும் இருந்துகொண்டே இருப்பதுதான் இடர்ப்பாடு.

அந்தப் பக்கத்தைப் படித்த இரவு, அகராதியை மூடி வைத்துவிட்டு, நாட்டின் எத்தனை வீடுகளில் இந்த நேரத்தில் ‘இதோ வருகிறேன்’ என்ற சொல் ஒலித்துக்கொண்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட கதையில் கைப்பேசி மட்டும்தான் இல்லை.

மாற்றி எழுதப்பட்ட முடிவு

இக்கதையை 1977-இல் சத்யஜித் ராய் திரைப்படமாக்கினார். அவர் இந்தியில் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் அது. மிர்ஸாவாகச் சஞ்சீவ் குமார், மீராகச் சயீத் ஜாஃப்ரி. ‘ஷோலே’ படத்தில் கப்பர் சிங்காக நாடே அஞ்சிய அம்ஜத் கான், இதில் பாட்டும் நடனமும் அறிந்த நவாப் வாஜித் அலி ஷாவாக வருகிறார். அவரது ஆட்சியைப் பறிக்க வரும் ஜெனரல் ஊட்ரமாக நடித்தவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. பின்னாளில் ‘காந்தி’ படத்தை இயக்கியவர்.

கதையைப் படித்து முடித்த வாரத்தில் மடிக்கணினியில் இப்படத்தைப் பார்த்தேன். பார்க்கும்போது பலமுறை சிரித்தேன். முடிந்தபின் சிரிப்பு தங்கவில்லை. மனைவி காய்களை ஒளித்து வைத்துவிட, நண்பர்கள் இருவரும் பலகை தேடித் தெரிந்த வக்கீல் ஒருவரின் வீட்டுக்குப் போகிறார்கள். வக்கீல் மரணப்படுக்கையில் கிடக்கிறார். அவ்வீட்டின் பலகை இவர்கள் கண்ணில் படுகிறது. நோயாளியின் நிலை என்ன என்பதைவிட, ஓர் ஆட்டம் போட முடியுமா என்பதிலேயே மனம் செல்கிறது. பிறகு வீடு திரும்பி, மிளகாயையும் தக்காளியையும் காய்களாக வைத்து ஆடுகிறார்கள். மனித மனம் ஒன்றில் சிக்கிக்கொண்டால் கருவி இல்லாமற்போவது அதற்கு ஒரு தடையே அன்று என்பதை அந்தக் காட்சி எளிதாகக் காட்டிவிடுகிறது.

ராய் முடிவை மாற்றிவிட்டார். படத்தில் இருவரும் சாவதில்லை. சண்டை மூள்கிறது; துப்பாக்கி வெடிக்கிறது; பெரிய காயம் ஏதுமில்லை. நாணமும் களைப்புமாக இருவரும் மறுபடி பலகையின் முன் அமர்ந்து, இம்முறை ஆங்கிலேயர் முறைப்படி ஆடத் தொடங்குகிறார்கள். நம் பழைய ஆட்டத்தில் ராஜாவின் அருகே நின்றது வசீர், அதாவது அமைச்சர். ஆங்கில முறையில் அந்த இடம் ராணிக்கு. வசீர் விலகி ராணி வருகிறாள் என்பதில் விக்டோரியா மகாராணியின் வருகையும் அடங்கிவிடுகிறது.

எந்த முடிவு சிறந்தது என்று நண்பர்கள் சிலரிடம் விவாதித்ததுண்டு. வாசிக்கும்போது பிரேம்சந்தின் முடிவு அதிரவைக்கிறது. ஆனால் நாள்தோறும் நாம் காணும் வாழ்க்கைக்கு ராயின் முடிவே நெருக்கமானது. கவனம் சிதறியதற்காக யாரும் உடனே வாளால் தண்டிக்கப்படுவதில்லை. நாடு கைமாறுகிறது; வீடு அந்நியமாகிறது; ஆட்டம் மட்டும் தொடர்கிறது. தண்டனை கண்ணுக்குத் தெரியாத தவணைகளில் வசூலாகிறது.

திரும்பாத அசல்

லக்னோவின் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடந்து பார்த்த இடங்களுள் ஹுசைனாபாத் ஒன்று. பெரிய மணிக்கூண்டு, குளம், நவாபுகளின் ஆளுயர ஓவியங்கள் தொங்கும் ஓவியக்கூடம் ஆகியவை அங்கே அடுத்தடுத்து உள்ளன. வங்கித் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பகுதியில் இன்னொன்றும் உண்டு, ‘வசீகா’ அலுவலகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நேபாளப் போர், பர்மா போர் ஆகியவற்றுக்காகக் கம்பெனிக்குப் பணம் தேவைப்பட்டது. அவத்தின் ஆட்சியாளர் காஸியுத்தீன் ஹைதர் கோடிக்கணக்கான ரூபாயைக் கடனாகக் கொடுத்தார். கடன்களில் சில ஒரு வினோதமான உடன்படிக்கையின்கீழ் வழங்கப்பட்டன. அசல் திரும்ப வராது. அதற்குரிய வட்டி, குறிப்பிட்ட உறவினர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் நிரந்தரமாக வழங்கப்படும். அந்த வட்டியே வசீகா. ஆட்சிகள் மாறியும் அது நிற்கவில்லை. தலைமுறைதோறும் வாரிசுகள் பெருகியதால் பங்கு சிறுத்துக்கொண்டே வந்தது. இன்று சிலருக்கு உரியது பத்து ரூபாய்க்கும் குறைவு. அதைப் பெற்றுவர ஆகும் செலவு அதைவிட அதிகம். ஆனாலும் அது தம் முன்னோரின் பெயருக்குச் சான்று என்று வந்து வாங்கிச் செல்வோர் உள்ளனர்.

கடன் கொடுத்த அரசை, கடன் வாங்கிய கம்பெனி 1856 பிப்ரவரியில் தன்னுடன் இணைத்துக்கொண்டது. வாஜித் அலி ஷா ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தார். முடியைத் துறந்து கல்கத்தாவின் மட்டியாபுருஜ் பகுதிக்குச் சென்று, 1887-இல் அங்கேயே மறைந்தார். இந்த வரலாற்றுக்குச் சதுரங்கம் காரணமன்று என்பது யாவரும் அறிந்ததே. நவாப் தீவிரமாகக் கவனித்திருந்தாலும் கம்பெனியின் பேராசை தணிந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. ஆயினும் அந்த அலுவலகத்தின் வாயிலில் நின்றபோது ஒரு வணிகவியல் மாணவனுக்குரிய எண்ணம் எழுந்தது. பெரிய தொகைகள் பெரும்பாலும் ஒரே நாளில் போவதில்லை. யாரும் நின்று கூட்டிப் பார்க்காத சிறு சிறு பதிவுகளாகப் போகின்றன. காலத்துக்கும் இது பொருந்தும், பணத்துக்கும் பொருந்தும்.

முடிவில்லாத ஆட்டம்

இதை நான் நேரில் கண்டது எங்கள் கிளையில்தான். சிகன் பூவேலைத் துணிகள் விற்கும் ஒரு சிறு வியாபாரி சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். கணக்கிலிருந்து பணம் தானாகக் குறைகிறது என்பது அவருடைய புகார். மூன்று மாத அறிக்கையை அச்சிட்டு எடுத்து, இருவரும் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தோம். 29 ரூபாய், 89 ரூபாய், 159 ரூபாய், சில இடங்களில் 299 ரூபாய். தனித்துப் பார்த்தால் எதுவும் கண்ணை உறுத்தாது. கூட்டியபோது பதினோராயிரத்தைத் தாண்டியது. அனைத்தும் ஒரு கைப்பேசி விளையாட்டுக்குள் வாங்கப்பட்ட நாணயங்களும் ஆயுதங்களும். விளையாடியவன் பதின்மூன்று வயது மகன். பணம் செலுத்தும் ரகசிய எண்ணை, அவசரத்துக்கு உதவும் என்று தந்தையே அவனுக்குச் சொல்லியிருந்தார்.

பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவரோ கைப்பேசியில் ஒவ்வொரு பரிமாற்றத்தின் நேரத்தையும் பார்த்தார். இரவு ஒன்பதரை, பத்து, பத்தேகால். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்: “இந்த நேரத்தில் எல்லாம் நாங்கள் ஒரே அறையில்தான் இருந்தோம், சாஹப். நானும் என் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

அவரைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. இந்த விளையாட்டுகள் எவ்வாறு அமைக்கப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், தோல்வி அந்தச் சிறுவனுடையது மட்டுமன்று என்பது புரியும். பழைய விளையாட்டுகள் யாவற்றுக்கும் முடிவு உண்டு. பரமபதத்தில் கடைசிக் கட்டம் உண்டு. சதுரங்கத்தில் ராஜா அகப்பட்டால் தீர்ந்தது. கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் இறுதி என்பதே இல்லை. ஒரு நிலை முடிந்தால் அடுத்த நிலை. இன்று வராவிட்டால் நாளைய பரிசு பறிபோகும். பரிசு எப்போது கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. ஒழுங்காகக் கிடைக்கும் வெகுமதியைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெகுமதியே ஓர் உயிரை மீண்டும் மீண்டும் முயலவைக்கிறது என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து நெடுநாட்களுக்கு முன்பே காட்டியிருக்கிறார். ரூபாயை முதலில் விளையாட்டு நாணயமாக மாற்றச் செய்வதும் ஓர் உத்தி. ஐந்நூறு ரூபாயைச் செலவிடத் தயங்கும் கை, ஐயாயிரம் மின்மினிக் காசுகளைத் தயங்காமல் வீசிவிடும்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து, அவற்றுக்குரிய பணப் பரிமாற்றங்களுக்கு வங்கிகள் துணைபோகக் கூடாது என்றும் கூறும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது. ஆனால் அந்த வியாபாரியின் மகன் ஆடியது பணம் வென்றெடுக்கும் ஆட்டமன்று. பொழுதுபோக்கு விளையாட்டுக்குள் பொருள் வாங்குவதைப் பற்றி முடிவெடுக்க வேண்டியது வீடுதான். அன்று அவருக்குச் சொன்னவற்றை வாடிக்கையாளர்களாகிய உங்களுக்கும் சொல்கிறேன்.

ரகசிய எண்ணைப் பிள்ளைகள் உட்பட எவருக்கும் கூறாதீர்கள். செயலிகளை வாங்கும் தளத்தில், ஒவ்வொரு முறை பணம் செலுத்தும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். உங்கள் யு.பி.ஐ. செயலியில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியைத் திறந்து, எவற்றுக்கெல்லாம் தானாகப் பணம் எடுக்க அனுமதித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கிவிடலாம். தானியங்கிப் பற்றுகளில் பெரும்பாலானவை, ஒவ்வொன்றும் 15,000 ரூபாய் வரை, ஒவ்வொரு முறையும் உங்கள் ஒப்புதலைக் கேட்காமலேயே நடைபெறக்கூடியவை. ஆனால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த அறிவிப்பைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். மோசடி என்று தெரிந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். மாதம் ஒருமுறை, கணக்கறிக்கையை வீட்டிலுள்ளோர் கூடி உட்கார்ந்து படியுங்கள். எங்கு எவ்வளவு போயிற்று என்று பிள்ளை தன் வாயால் சொல்லிக் கூட்டும்போது கிடைக்கும் பாடத்தை எந்த அறிவுரையும் தராது.

அந்த வியாபாரி மறுமாதம் பணம் கட்ட வந்தபோது மகனையும் அழைத்து வந்தார். பற்றுச்சீட்டை நிரப்பியவன் அவன்தான். எழுத்தாலும் எண்ணாலும் தொகையைச் சரியாக எழுதியிருந்தான்.

நாளுக்கு ஒரு காய்

இவ்வளவும் சொன்னபின், விளையாட்டு கூடாது என்பதே என் கட்சி என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. என் மாலைகளைத் தாங்கி நிற்பதே ஒரு விளையாட்டுத்தான். அதுவும் மிர்ஸாவும் மீரும் ஆடிய அதே சதுரங்கம்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷ், பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். அன்றிரவு மதுரையிலிருந்து என் மகள் தொலைபேசியில் அழைத்து, தானும் சதுரங்கம் ஆடப்போவதாகவும், நான்தான் எதிராளி என்றும் அறிவித்தாள். ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இரவில் நேரமில்லை. எனக்குப் பகலில் நேரமில்லை. எனவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நாளுக்கு ஒரு காய். அவள் தன் நகர்த்தலைக் குறுஞ்செய்தியாக அனுப்புவாள். நான் இரவு உணவுக்குப் பின் பதில் நகர்த்தலை அனுப்புவேன். இரு ஊர்களிலும் இரண்டு மரப்பலகைகள். இரண்டிலும் ஒரே நிலை.

தொலைவில் இருந்து ஆடும் சதுரங்கம் புதிதன்று. லண்டன், எடின்பரோ நகரங்களின் சங்கங்கள் 1824 முதல் 1828 வரை கடிதம் வழியாகவே ஆடின, எடின்பரோ வென்றது. ஸ்காட்லாந்தின் பெயரால் இன்றும் வழங்கும் தொடக்கமுறை ஒன்று அந்தப் போட்டியின் நினைவாகப் பெற்ற பெயர். கடிதம் போய்வரும் வேகத்தோடு ஒப்பிட்டால் நாங்கள் மின்னல்தான். எங்களுடைய ஓர் ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும்.

இந்த ஆட்டத்தில் காயைத் தவிர வேறு செய்திகளும் வரும். ‘யானை டி1. இன்னைக்குக் கணக்குப் பரீட்சை நல்லா எழுதினேன்.’ ‘சிப்பாய் பி4. அம்மா உங்கமேல கோபமா இருக்காங்க, போன் பண்ணுங்க.’ ஒரு வீட்டின் நாட்குறிப்பே சதுரங்கக் குறியீட்டில் எழுதப்படுவது போல இருக்கும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நான்காவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவள் நிலை வலுவாக இருந்தது. இரண்டு மூன்று நாட்களில் என் குதிரை போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். ஓர் இரவு செய்தி வந்தது. ‘அப்பா, இன்னைக்கு நான் காய் நகர்த்தல. அப்பத்தாவுக்கு மூச்சு வாங்குது. அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்.’

என் தாயாருக்கு எழுபத்தாறு வயது. நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். ரயிலில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு. விடுப்புப் பெற்று, விமானத்தில் சென்று சேர்ந்தபோது அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வெளியே இருந்த நாற்காலியில் என் மகள் பள்ளிச் சீருடையுடன் அமர்ந்திருந்தாள். உள்ளே இருப்பவருக்கு என்ன என்ன மாத்திரை, எந்த மருந்து ஒவ்வாது, கடைசியாக எப்போது கஞ்சி குடித்தார் என்பதையெல்லாம் மருத்துவரிடம் சொன்னவள் அவள்தான் என்று என் மனைவி கூறினார். ஓராண்டாக, பக்கத்து அறையின் இருமலை அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நான்கு நாட்கள் அங்கிருந்தேன். சதுரங்கத்தைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசவில்லை. தாயார் சாதாரண அறைக்கு மாற்றப்பட்டபின் லக்னோவுக்குத் திரும்பினேன். மேசையின்மேல் பலகை அதே நிலையில் இருந்தது. அறையைத் துடைக்க வரும் அம்மையார் அதைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டுப் போயிருந்தார். காய்களின்மேல் மெல்லிய தூசி. அடுத்த மூன்று இரவுகளும் அதைப் பார்த்தபடியே உண்டேன்.

பத்தாம் நாள் செய்தி வந்தது. ‘அப்பத்தா வீட்டுக்கு வந்துட்டாங்க. ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க. மந்திரி எஃப்6, உங்க குதிரை அவுட்.’

அந்த ஆட்டத்தில் நான் தோற்றேன். அதைவிட மகிழ்ச்சியாக எதிலும் தோற்றதாக நினைவில்லை. வெற்றி கைக்கெட்டும் நிலையிலிருந்த ஒரு பதினான்கு வயதுப் பெண், அழைப்பு வந்ததும் பலகையை விட்டு எழுந்தாள். பத்து நாட்கள் கழித்து வந்து பார்த்தபோது பலகை எங்கும் போய்விடவில்லை, காத்திருந்தது. நல்ல விளையாட்டுக்கும் நல்ல நூலுக்கும் நல்ல படத்துக்கும் உள்ள பொதுக்குணம் இதுவென்றே நினைக்கிறேன். அவை நமக்காகக் காத்திருக்கும். அடையாளத்துக்கு ஒரு தாளை வைத்துவிட்டு எழுந்தால் நூல் கோபிக்காது. இப்போதே வா, இல்லாவிட்டால் இழப்பாய் என்று மிரட்டுவது எதுவோ, அதனிடம்தான் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வங்கியில் ஒவ்வொரு நாளும் கணக்கு முடிக்கப்படுகிறது. கையிருப்பும் ஏடும் ஒத்துப்போன பின்பே பெட்டகம் பூட்டப்படும். பொழுதுபோக்குக்கும் இத்தகைய நாள்முடிவு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இன்று என்னை யார் அழைத்தார்கள், அழைத்தபோது எழுந்தேனா என்று உறங்கும்முன் கேட்டுக்கொண்டால் போதும். பேரேடு வேண்டியதில்லை.

லக்னோவாசிகளின் மரியாதையைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. ரயில் நிலையத்தில் இரு பெரியவர்கள், ‘பெஹலே ஆப்’, அதாவது ‘முதலில் நீங்கள்’, என்று ஒருவரையொருவர் ஏறச் சொல்லிக்கொண்டே நிற்க, வண்டி புறப்பட்டுப் போய்விட்டதாம். கேட்பவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். இப்போதோ அந்தச் சொல்லை வேறோர் இடத்தில் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. கையில் ஒளிரும் திரை ஒருபுறம். பக்கத்து அறையிலிருந்து வரும் குரல் மறுபுறம். அந்தக் குரலை நோக்கித் திரும்பி, ‘பெஹலே ஆப்’ என்று சொல்லிப் பாருங்கள். வண்டி ஏதும் தவறிவிடாது.